ஐந்து தலைமுறை கண்ட பட்டுக்கடை

புனே வாழ் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கல்யாணம் நிச்சயமாகிவிட்டால், மண்டபம் எது, சமையல் யார் என்ற பேச்செல்லாம் பிறகுதான். "கூறைப் புடவை எடுக்க மெட்ராஸ் எப்போது போகிறோம்?" என்பதுதான் முதல் கேள்வி. லக்ஷ்மி ரோடு முழுக்கப் பட்டுக் கடைகள் இருக்கின்றன. பைத்தணி வேண்டுமென்றால் எவலாவிலிருந்து நெசவாளியே கொண்டுவந்து கொடுக்கிறார். ஆனாலும் ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் உட்கார்ந்து, மாம்பலத்தில் இறங்கி, பனகல் பார்க்கைச் சுற்றி நடந்து, ஒரு கடையில் நான்கு மணி நேரம் ஜமக்காளத்தில் அமர்ந்து எடுத்துவந்தால்தான் நம் வீட்டுப் பெண்களுக்குத் திருப்தி.

சென்ற மாதம் என் அண்ணன் பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். டிசைனிங் படிக்கிறாள். பாரிஸ் நகரத்து 'ஹெர்மேஸ்' என்ற நிறுவனத்தைப் பற்றிக் கல்லூரியில் கட்டுரை எழுதவேண்டுமாம். ஆறு தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிற கடை, பட்டுத் துணியும் தோல் பையும் வாசனைத் திரவியமும் விற்கிறது என்று கண்கள் விரியச் சொன்னாள். "தாத்தா, நம்ம ஊரில் இப்படி ஒண்ணு உண்டா?" என்று கேட்டாள். "உங்க பாட்டி பீரோவைத் திறந்து பார், அட்டைப் பெட்டியில் பேர் போட்டிருக்கும்" என்றேன். அவளுக்கு ஓர் அரை மணியில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக நம் சங்க அன்பர்களுக்கும் எழுதலாமே என்று தோன்றியது.

ஏரிக்கரையில் ஒரு கடை

நல்லி சின்னசாமி செட்டியார் காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தறியில் நெய்த புடவைகளைச் சென்னைக்குக் கொண்டுவந்து, வாடிக்கை வீடுகளுக்கு நேரில் எடுத்துச் சென்று விற்றுவந்தார். அந்தக் காலத்தில் பட்டுப் புடவை வியாபாரம் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. மூட்டையைத் திண்ணையில் அவிழ்த்து வைப்பார்கள். வீட்டுப் பெண்கள் பார்த்துப் பொறுக்குவார்கள். பணம் உடனே வந்தாலும் வரும், அடுத்த மாதம் வந்தாலும் வரும். 1928-ஆம் ஆண்டு அவர் தியாகராய நகரில் ஒரு கடை திறந்தார். அதுவே இன்றைக்கும் பனகல் பூங்கா எதிரில் நாகேஸ்வரன் சாலையில் இருக்கும் நல்லி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். 1928-இல் தி.நகர் என்பது இன்றைய தி.நகர் அல்ல. மாம்பலம் ஏரியாக இருந்த பரப்பைத் தூர்த்து 1920-களில்தான் அங்கே மனைகள் போட ஆரம்பித்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராய செட்டியார் 1925-இல் காலமானார். நகருக்கு அவர் பெயர். அன்றைய சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்த பனகல் ராஜாவின் பெயர் பூங்காவுக்கு. அதாவது, ஊரே புதிது. சௌகார்பேட்டை, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி என்று பழைய கடைத்தெருக்கள் இருக்கையில், வீடுகள் கட்டி முடியாத ஒரு பேட்டையில் விலை உயர்ந்த பட்டை வைத்துக்கொண்டு உட்காருவது துணிச்சலான காரியம்.

அந்தத் துணிச்சலுக்குப் பலம் சேர்த்தது எது என்று என்னைக் கேட்டால், ரயில் என்பேன். ரயில்வேயில் வேலை பார்த்தவன் வேறெதைச் சொல்வான் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் தேதியைப் பாருங்கள். கடை திறந்து மூன்றாவது வருடம், 1931 மே 11-ஆம் தேதி, சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதை, 1500 வோல்ட் நேர்மின்சாரம். 1930 ஜூன் 1-ஆம் தேதி நம் டெக்கான் க்வீன் ஓட ஆரம்பித்ததே பம்பாய்-புனே பாதை, அதிலும் இதே 1500 வோல்ட்தான். நிலக்கரி வண்டிக்காக நேரம் பார்த்துக் காத்திருந்த ஜனங்களுக்கு அடிக்கடி ஒரு வண்டி என்றானது. எழும்பூரில் ஏறினால் சில நிமிடங்களில் மாம்பலம். தாம்பரத்துக்கு அப்பாலிருந்து செங்கல்பட்டு ஜில்லாக் கிராமத்துக்காரரும் வந்து இறங்கிக் கடைக்கு நடந்தே போய்விடலாம். வீடு வீடாக மூட்டை சுமந்து போன வியாபாரம், வீட்டுக்காரர்களே தேடி வரும் வியாபாரமாக மாறியதில் அந்த மின்சார ரயிலுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். பின்னால் 1960-களில் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. 2004-இல் மீட்டர் கேஜ் மின்சார வண்டியும் ஓய்ந்தது. அதற்குள் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமில்லாமல் போய்விட்டது.

பதினாறு வயதில் பொறுப்பு

சின்னசாமி செட்டியாருக்குப் பிறகு அவர் மகன் நாராயணசாமி செட்டியார். அவருக்கு அடுத்தவர்தான் நாம் எல்லோரும் பெயர் அறிந்த நல்லி குப்புசாமி செட்டியார். 1940 நவம்பரில் பிறந்தவர். 1956-இல், ஏறக்குறைய பதினாறு வயதில், கடைப் பொறுப்புக்கு வந்துவிட்டார். நம் வீட்டில் பதினாறு வயதுப் பையனிடம் பால் வாங்கக் காசு கொடுத்தால்கூட மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்கிறோம்.

அவர் காலத்தில்தான் நல்லி ஒரு தெருவின் கடையாக இருந்தது போய், பெங்களூர், தில்லி, மும்பை என்றும், பிறகு சிங்கப்பூர், அமெரிக்கா என்றும் கிளைகள் கண்டது. அயலூர்த் தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு விஷயம் விசேஷம். கடை எங்கெங்கே போனது என்று பார்த்தால், பெரும்பாலும் நம்மவர்கள் வேலைக்குப் போன வழியிலேயே போயிருக்கிறது. செகரட்டேரியட் உத்தியோகத்துக்குத் தில்லி போன குடும்பம், பம்பாயில் குமாஸ்தா வேலைக்குப் போன குடும்பம், கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போன பிள்ளை ஆகியோருக்குப் பின்னால் ஒரு பத்து இருபது வருஷம் கழித்துப் புடவைக் கடையும் வந்து சேர்கிறது.

அவருக்கு 2003-இல் பத்மஸ்ரீயும் 2025-இல் தொழில் வணிகத் துறையில் பத்மபூஷணும் அளிக்கப்பட்டன. இசை சபாக்களுக்கு அவர் புரவலராக இருப்பதும், 'நல்லி - திசை எட்டும்' பெயரில் மொழிபெயர்ப்பாளர்களுக்கு விருது தருவதும் பத்திரிகை வாசிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். வேறு மாநிலத்தில் வாழும் நாம் அந்த மொழிபெயர்ப்பு விருதைக் கொஞ்சம் அக்கறையோடு கவனிக்கவேண்டும். மராத்தியிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து மராத்திக்கும் நூல்களைக் கொண்டுவரத் தகுந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர் இருக்கிறார்கள்!

நல்லி ஒன்றுதான் இப்படி என்று நினைக்கவேண்டாம். திருநெல்வேலியில் 1924-இல் தொடங்கிய ஆர்.எம்.கே.வி., ஸ்ரீவில்லிபுத்தூரில் 1923-இல் தொடங்கிய போத்தீஸ் எல்லாமே குடும்பக் கடைகள்தான். துணி வியாபாரம் ஏன் இப்படிக் குடும்பங்களின் கையிலேயே நிற்கிறது? யோசித்துப் பார்த்தால், அந்தத் தொழிலின் முதலீடு பாதி பணம், பாதி நம்பிக்கை. நெசவாளிக்குப் பாவும் பட்டு நூலும் ஜரிகையும் முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் தன் வீட்டுத் தறியில் இரண்டு மூன்று வாரம் நெய்து புடவையைக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்குகிறார். அவர் வீட்டில் இருக்கும் ஜரிகையின் மதிப்பு அவருடைய பல மாதக் கூலியைவிட அதிகம். இதற்குக் கையெழுத்தும் முத்திரைத் தாளும் போட்டு முடியாது. "உங்க அப்பாவுக்கு எங்க அப்பா நெய்தார்" என்ற ஒற்றை வாக்கியத்தில் நடக்கிற வியாபாரம் இது. புனேக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். சித்தளே கடையில் பாகர்வடி வாங்குகிறவர் கடையின் பெயரையா சொல்கிறார், குடும்பத்தின் பெயரைத்தானே சொல்கிறார்.

பாரிஸ் குடும்பம்

இப்போது என் பேத்தியின் ஹெர்மேஸ். தியெரி ஹெர்மேஸ் 1801-இல் பிறந்தவர். பிறந்த ஊர் ஜெர்மனியின் கிரேஃபெல்ட். வேடிக்கை என்னவென்றால் அதுவும் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். ஆனால் அவர் பட்டு விற்கவில்லை. 1837-இல் பாரிஸில் குதிரைகளுக்குக் கடிவாளமும் சேணமும் செய்யும் பட்டறை வைத்தார். 1880-இல் மகன் ஷார்ல் எமீல் கடையை ஃபோபூர் சாந்தோனோரே தெருவுக்கு மாற்றினார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து வந்தது மோட்டார் கார். ஸ்டீம் என்ஜின் ஷெட்டில் தொழில் கற்றவர்களுக்கு டீசல் வந்தபோது வயிற்றைக் கலக்கியதே, அதே கதைதான். பேரன் எமீல் மோரீஸ் முதல் உலகப் போர்க் காலத்தில் வட அமெரிக்கா போனபோது, இனிக் குதிரை வண்டி நிற்காது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார். சேணம் தைக்கிற அதே ஊசியும் நூலும் கையுமாகப் பெட்டி, பை என்று தோல் சாமான்களுக்குத் திரும்பினார். அங்கே பார்த்த ஜிப்பை பிரான்சுக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

எமீலுக்கு ஆண் வாரிசு இல்லை, பெண்கள்தான். எனவே கடை மருமகன்கள் கைக்குப் போனது. ரொபேர் துய்மா என்ற மருமகன் 1937-இல் பட்டுக் கழுத்துத் துணியை அறிமுகம் செய்தார். தொண்ணூறு சென்டிமீட்டருக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர் சதுரம். முதல் துணியில் அச்சிட்டிருந்த படம் என்ன தெரியுமா? குதிரைகள் இழுக்கும் ஆம்னிபஸ் வண்டி! இன்னொரு மருமகன் கெர்ரான் வாசனைத் திரவியப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். 1951-இல் 'ஓ தெர்மேஸ்', 1961-இல் 'கலேஷ்'. கலேஷ் என்பதும் ஒருவகைக் குதிரை வண்டிதான். தோலும் பட்டும் அத்தரும் விற்றாலும் குதிரையை அவர்கள் விடவில்லை.

2011-இல் இவர்கள் இந்தியாவுக்கென்றே கொஞ்சம் புடவைகளைத் தயாரித்து மும்பையில் விற்றார்கள். விலை லட்சக்கணக்கில். அச்சிட்ட பட்டுதான்; நம்முடையதைப் போல முந்தியும் கரையும் தறியிலேயே பிறந்தவை அல்ல. புடவையைப் பற்றி காஞ்சிக்குப் பாரிஸ் கற்றுத்தர எதுவும் இல்லை என்பேன்.

ஆனால் குடும்பத்தைக் கட்டிக் காப்பதில் கற்றுக்கொள்ள உண்டு. ஹெர்மேஸ் 1993-இல் பங்குச் சந்தைக்குப் போனது. 2010-இல் எல்.வி.எம்.எச். என்ற பெரிய நிறுவனம் சத்தமில்லாமல் பங்குகளைச் சேர்த்து, 17 சதவீதம் தன் கையில் என்று அறிவித்தது. இதே நிறுவனம்தான் 1994-இல் கெர்லேன் என்ற இன்னொரு பாரிஸ் குடும்பத்தின் அத்தர் வீட்டை வாங்கியது. 1828-இல் தொடங்கி, ஷாஜகானின் தோட்டத்து நினைவில் 'ஷாலிமார்' என்று 1925-இல் ஓர் அத்தரை உலகுக்குக் கொடுத்த வீடு அது; குடும்பம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நடத்தி, பிறகு விற்றுவிட்டது. ஹெர்மேஸ் வீட்டுச் சொந்தபந்தங்கள் அப்படி விடவில்லை. அண்ணன் தம்பி பிள்ளைகள், அத்தை மகன்கள் என்று ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கூடிப் பேசி, பாதிக்கு மேற்பட்ட பங்குகளை ஒரே கம்பெனியில் போட்டு, 20 ஆண்டுகளுக்கு விற்பதில்லை என்று 2011-இல் பூட்டு போட்டுவிட்டார்கள். 2014-இல் எல்.வி.எம்.எச். பின்வாங்க நேர்ந்தது. நம் கிராமத்தில் கால் காணி நிலத்துக்கு மூன்று தலைமுறையாக முன்சீப் கோர்ட்டுக்கு நடக்கும் சகோதரர்களை நினைத்தால் பெருமூச்சு வருகிறது.

அத்தர் என்றதும் ஒரு இடைச்செருகல். பாரிஸ் அத்தர்களில் மணக்கும் மல்லிகையில் ஒரு பங்கு நம் தமிழ்நாட்டுப் பூ. மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பக்கத்து மல்லிகையையும் பிச்சியையும் விடியற்காலையில் பறித்து, உள்ளூர்ச் சாலைகளில் ஹெக்ஸேன் என்னும் திரவத்தில் ஊறவைத்துச் சாரம் இறக்குகிறார்கள். ஆயிரம் கிலோ பூவுக்கு மூன்று கிலோ சாரம் கிடைத்தால் பெரிது. அதைச் சாராயத்தில் கரைத்து மெழுகை நீக்கினால் இன்னும் குறையும். அதுதான் கப்பல் ஏறிப் பிரான்சுக்குப் போகிறது. நம் பெண்கள் தலையில் வைத்துக்கொள்ளும் அதே பூதான், கண்ணாடிக் குப்பியில் வேறு பெயரில் திரும்பி வருகிறது.

தறியில் என்ன நடக்கிறது?

நான் பிறந்த ஊர் அரக்கோணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே, தக்கோலம் பக்கம். அடுத்த தெருவில் நெசவாளர் வீடுகள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. பின்னால் டிப்ளமா படித்தபோது இயந்திரப் பாடத்தில் எனக்குப் பாதி சந்தேகம் வராமல் போனதற்கு அந்தக் குழிதான் காரணம்.

காஞ்சிப் புடவையின் சிறப்பு 'கோர்வை'. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரே நாடாவை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விட்டால், ஊடை நூலின் நிறம் கரையிலும் கலந்து அழுக்கேறும். அதனால் மூன்று நாடா: இடக் கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக் கரைக்கு ஒன்று. ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கொக்கிபோலப் பிடித்துக்கொண்டு திரும்பவேண்டும். இதை ஓர் ஆளால் செய்ய முடியாது; இடப்பக்கத்து நாடாவுக்கு ஓர் உதவியாள் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு கஜம் என்பது 216 அங்குலம். அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 13,000 ஊடை. ஒவ்வொன்றுக்கும் மூன்று நாடா என்றால் 39,000 முறை கை போகவேண்டும். இதில் ஒரு முறை கொக்கி தவறினாலும் அந்த இடத்தில் பிளவு தெரியும். நம் பைத்தணியிலும் கரையை உடலோடு இப்படிக் கோத்து வாங்கும் வகை உண்டு என்பதை எவலா போய்ப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஒன்பது கஜமும் நவ்வாரியும் போல, கோர்வையும் இரு ஊருக்கும் பொதுச் சொத்து.

முந்தி வேறு நிறமானால் இன்னும் வேலை அதிகம். பாவு நூலையே மாற்றவேண்டும். பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதிய பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள். சில ஆயிரம் இழைகள். இதற்குப் 'பிட்னி' என்று பெயர். உடலும் முந்தியும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடுபோல அது தெரியும். அந்தக் கோட்டைக் குறை என்று எண்ணிக் கடைக்காரரிடம் சண்டை போட்டவரை நான் பார்த்திருக்கிறேன். அது குறையல்ல, அதுதான் அந்தப் புடவையின் கையெழுத்து.

பூவேலைக்கு முன்பு 'அடை' கட்டுவார்கள். எந்த ஊடைக்கு எந்தப் பாவு இழை தூக்கவேண்டும் என்பதை நூல் முடிச்சுகளாகவே கட்டி வைக்கும் முறை. அந்த இடத்தை இன்று ஜக்கார்டு பிடித்துவிட்டது. லியோன் நகரத்து ஜக்கார் என்பவர் 1804-இல் செய்த கருவி. ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகச் சுழலும், ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழையும், இழை தூக்கும். கம்ப்யூட்டருக்கு ஓட்டை அட்டையில் கணக்குக் கொடுத்த காலம் நம்மில் சிலருக்கு நினைவிருக்கும். அந்த அட்டைக்கு மூதாதை இந்த அட்டைதான்.

பேத்தி வந்தாள், பேரன் போனான்

நல்லி குடும்பத்தில் 2005-இல் ஒரு மாற்றம் நடந்தது. குப்புசாமி செட்டியாரின் மகன் ராமநாதன். அவர் மகள் லாவண்யா பொறியியல் படித்துவிட்டுக் கடைக்கு வந்தார். அந்தக் குடும்பத்தில் வியாபாரத்துக்கு வந்த முதல் பெண் அவர். பிறகு அமெரிக்கா சென்று ஹார்வர்டில் நிர்வாகம் படித்து, வெளி நிறுவனங்களில் வேலை பார்த்து, மீண்டும் குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். பாரிஸில் எமீல் ஹெர்மேஸுக்குப் பெண்கள் இருந்தும் மருமகன்கள் வந்தார்கள். இங்கே பெண்ணே வந்தாள். புடவை கட்டுகிறவள் பெண், தேர்ந்தெடுக்கிறவள் பெண். கல்லாவில் உட்கார மட்டும் எண்பது வருஷம் ஆகியிருக்கிறது. தாமதம்தான், ஆனாலும் நடந்தது.

கடைக்கு ஐந்தாம் தலைமுறை வந்துவிட்டது. தறிக்கு?

என் ஊரில் நான் தறி பார்த்துப் பழகிய வீட்டில் இன்று தறி இல்லை. குழியைத் தூர்த்துச் சிமெண்ட் போட்டு மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள். பேரன்கள் இருவரும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். கம்பெனி பஸ் வீட்டு வாசலுக்கு வருகிறது, மாதச் சம்பளம், பி.எஃப்., கல்யாணத்துக்குப் பெண் கொடுக்கவும் ஆள் இருக்கிறது. "தறியில உக்காந்தா பொண்ணு தரமாட்டேங்கறாங்க அண்ணே" என்று அந்த வீட்டுப் பெரியவர் என்னிடம் சொன்னார். அவரை யார் குறை சொல்வது? முன்பு இடப்பக்க நாடாவுக்கு உட்கார்ந்தது பெரும்பாலும் வீட்டுச் சிறுவர்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போவது நல்லதே. அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அந்த இடத்துக்குப் பெரிய ஆளை அமர்த்தினால் இரண்டு கூலி. இரண்டு கூலி கொடுக்கும் விலையில் புடவை விற்காவிட்டால், கோர்வை இல்லாத புடவையை நெய்துவிட்டுப் போகிறார்கள். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் அதுவும் அதே பெயரில் விற்றுவிடுகிறது.

சட்டம் இல்லாமலில்லை. 1985-இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பைத்தணிக்குப் பின்னால் 2010-இல். கூட்டுறவுச் சங்கங்கள் முருகன், காமாட்சியம்மன், அறிஞர் அண்ணா பெயர்களில் காஞ்சியில் நடக்கின்றன. ஆனாலும் விசைத்தறியில் நெய்த புடவை கைத்தறிச் சீட்டோடு வருவதைத் தடுக்க, கடைசியில் வாங்குகிறவரின் கண்தான் வேண்டியிருக்கிறது.

வாங்கும்போது

எங்கள் உறவினர் வீட்டுக் கல்யாணப் புடவை ஒன்று மூன்றே வருஷத்தில் கறுத்துவிட்டது. ஒரு பெரிய கடையில்தான் எடுத்தது, பெயர் வேண்டாம். நான் ஜரிகையைக் குண்டூசியால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று பாலியஸ்டர் இழை. நல்ல ஜரிகை என்பது சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூல்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியது. சுரண்டினால் சிவப்பு தெரியவேண்டும். கடையில் குண்டூசியை எடுத்தால் கோபித்துக்கொள்வார்கள் என்று கூச்சப்படவேண்டாம். புடவையின் ஓரத்தில் தொங்கும் இழை ஒன்று போதும்.

பட்டா என்று பார்க்க, ஓரத்து நூலில் இரண்டு அங்குலம் எரித்துப் பாருங்கள். பட்டு மயிர் கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழை உருகி மணிபோல் கெட்டியாகும். 'சில்க் மார்க்' சீட்டு மத்தியப் பட்டு வாரியத்தின் ஏற்பாடு, 2004 முதல் இருக்கிறது. அது பட்டுக்குத்தான் சாட்சி. ஜரிகைக்கும் கைத்தறிக்கும் அல்ல. கோர்வையா என்று அறிய, கரை சேரும் இடத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். இரு நிற நூலும் அங்கே கோத்துக்கொண்டிருக்கும். ஜரிகை எப்படிப்பட்டது என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் எழுந்து வந்துவிடலாம்.

வீட்டில் வைக்கும் முறை: பிளாஸ்டிக் உறை கூடாது. பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். புனே மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் நிழலில் காற்றாடவிடுவது அவசியம். ரசகற்பூர உருண்டை ஜரிகையைத் தொடக்கூடாது. புடவை கட்டிய பின் சென்ட் அடிக்கும் பழக்கம் இளம் பெண்களிடம் இருக்கிறது. பாரிஸ் சென்ட்டானாலும் ஜரிகை கறுக்கும். மணத்துக்குத் தலையில் ஒரு முழம் மல்லிகை போதும்.

கடைக்குப் போகுமுன் தறியைப் பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வழி. புனேயிலிருந்து சென்னை செல்லும் வண்டிகளில் அரக்கோணத்தில் நிற்பதாகப் பார்த்து ஏறுங்கள். அங்கே இறங்கினால் காஞ்சிபுரம் முப்பது கிலோமீட்டருக்குள். செங்கல்பட்டுப் பாதை வண்டி கிடைக்கும், இல்லாவிட்டால் பஸ். ஊரில் பிள்ளையார்பாளையம் என்று கேளுங்கள். தெருவில் நடந்தாலே தறிச் சத்தம் எந்த வீட்டில் என்று தெரியும். காலை வேளையில் போவது நல்லது. மதியத்துக்கு மேல் வெளிச்சம் குறைந்தால் கோர்வை வேலையை நிறுத்திவிடுவார்கள். பெண் குழந்தைகளையும் பையன்களையும் சேர்த்தே அழைத்துப் போங்கள்.